சுவரைத் துளைக்கும் ரவுட்டர் கிடையாது: பழைய கட்டு வீட்டில் வைஃபை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், மோடத்தை முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். தெருவிலிருந்து கேபிள் அங்கேதான் வருகிறது, பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் இருக்கிறது, அவர் வேலை முடிந்தது. முகப்பில் முழு வேகம் ஓடும். வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய கட்டுக்குள், போனால் பாதியாகும். அதற்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டில் வீடியோ அழைப்பு வெட்டி வெட்டி வரும். அடுப்படிக் கட்டில் ஒன்றும் இருக்காது. அடுத்து நடப்பதும் வழக்கமானதுதான்: கடைக்குப் போய் ஆறு ஆண்டெனா, எட்டு ஆண்டெனா முளைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி, பழைய மோடத்துக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். முகப்பில் வேகம் இன்னும் கூடும். அடுப்படி அப்படியே இருக்கும்.

காரணம் எளிது. வைஃபை இரண்டு பக்கப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும், கையிலிருக்கும் போன் திருப்பிச் சொல்வது அதற்குக் கேட்க வேண்டும். போனின் அலை அனுப்பும் திறன் ரவுட்டரைவிடக் குறைவு, ஆண்டெனாவும் சின்னது. அதனால் போனில் மூன்று கோடு தெரிந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 'சுவரைத் துளைக்கும்' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒன்றரை அடிச் செங்கல் சுண்ணாம்புச் சுவரைத் தாண்ட வேண்டியது கம்பி. அலைக்கு அறைக்குள்ளும் திறந்த வெளியிலும் மட்டும் வேலை கொடுத்தால் போதும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை ஒட்டித்தான்.

முதலில் சுவரை அளந்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை இறக்குங்கள். அது சிக்னலை மைனஸ் எண்ணில், டி.பி.எம். கணக்கில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 65 வரை வீடியோ அழைப்பு கவலையில்லாமல் ஓடும். 70-ஐத் தாண்டினால் தடுமாறும், 80-ல் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். கோடுகளைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு போன் கம்பெனியும் கோட்டைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிறது.

ரவுட்டரிலிருந்து நேராக, தடையில்லாமல் 3 மீட்டர் தள்ளி நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே 3 மீட்டர் தூரத்தில், நடுவில் ஒரு சுவர் வருகிற மாதிரி நின்று பாருங்கள், கதவு மூடியிருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சுவர் தின்னும் டெசிபெல். போனை ஒரே மாதிரிப் பிடித்து, அரை நிமிடம் நின்று, சராசரி எடுங்கள். எண் ஐந்தாறு புள்ளி மேலும் கீழும் ஆடுவது இயல்பு. வைஃபை ஓடும் அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

எதற்கு இந்த மெனக்கெடல்? ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 3 மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 45, உங்கள் சுவர் தின்பது 15 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போகும். 12 மீட்டரில், அதாவது இரண்டு இரட்டிப்புக்குப் பிறகு, மைனஸ் 57. நடுவில் இரண்டு சுவர் வந்தால் மைனஸ் 87. அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் செத்துவிட்டது. 2.4-ல் தொடக்கம் மைனஸ் 38, சுவருக்கு 8 டெசிபெல் என்றால், அதே இடத்தில் மைனஸ் 66. சமாளிக்கலாம். 24 மீட்டரில் மூன்று சுவர் தாண்டினால் அதுவும் மைனஸ் 80. தூரத்தைவிடச் சுவர்தான் ஆளைக் கொல்கிறது என்பது இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரியும். 10 டெசிபெல் குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்காகிறது. அப்படியிருக்க, ரவுட்டரை மாற்றிக் கிடைக்கும் இரண்டு மூன்று டெசிபெல் எந்த மூலைக்கு?

சாய்வையும் கவனியுங்கள். 18 அங்குலச் சுவரை அலை நேராகத் தாண்டினால் 18 அங்குலம். 45 டிகிரி சாய்வாகத் தாண்டினால் 25 அங்குலத்துக்கு மேல், 60 டிகிரி சாய்ந்தால் 36 அங்குலம். வீட்டின் ஒரு மூலையில் மோடம், குறுக்கு மூலையில் படுக்கையறை என்றிருந்தால், எல்லாச் சுவரையும் சாய்வாகத்தான் தாண்ட வேண்டிவரும்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும்போது எண் இன்னும் இறங்கும். கோடையில் அளந்துவிட்டு மைனஸ் 68-ஐ நம்பி இருக்காதீர்கள்.

சுவரைத் தவிர வேறு எதிரிகளும் உண்டு. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், நிலைக்கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது உலோகப் பூச்சு. சுவர் முழுக்கப் பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டிய கூடங்களில் சிக்னல் விசித்திரமான இடங்களில் நன்றாகவும் விசித்திரமான இடங்களில் மோசமாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். புது வீடு என்றால், கான்கிரீட் தளத்திலும் பீமிலும் ஓடும் கம்பி இதே வேலையைச் செய்யும்.

வளவு கொடுக்கும் சலுகை

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட முற்றம், வைஃபைக்கும் வழி விடுகிறது. வளவின் நாலு பக்கமும் அறைகள், எல்லா அறையின் கதவும் வளவைப் பார்த்தே இருக்கும். வளவுத் தாழ்வாரத்தில் ஏழெட்டு அடி உயரத்தில் ஒரு ஆக்சஸ் பாயிண்டை (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) மாட்டினால், எதிர்ப்பக்க அறைகளுக்குத் திறந்த வெளியில் நேராக அலை போகும். கதவு திறந்திருந்தால் நஷ்டமே இல்லை. தேக்குக் கதவு மூடியிருந்தாலும் ஒன்றரை அடிச் சுவரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆனால் ஆக்சஸ் பாயிண்டை மாட்டிய சுவருக்கு நேர் பின்னாலிருக்கும் அறைக்குச் சிக்னல் குறையும். எந்த அறையில் ஆள் புழக்கம் குறைவோ, அந்த அறைச் சுவரில் மாட்டுங்கள். பெரும்பாலும் அது சாமான் அறையாக இருக்கும்.

உத்தரத்தில், 14 அடி உயரத்தில் மாட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. அலுவலகத்தில் பத்தடித் தளத்துக்கு அது சரி. இங்கே வேண்டாம். அவ்வளவு மேலே போனால் அலை கதவு நிலையின் மேல்சுவரைச் சாய்வாக அடிக்கும். கதவு உயரத்துக்கு ஒட்டி இருப்பதே நல்லது. தரையிலோ டி.வி. பின்னாலோ வைப்பது இன்னும் மோசம். சாதாரணக் குச்சி ஆண்டெனா நிமிர்ந்து நிற்கும்போது அலையைப் பக்கவாட்டில்தான் பரப்பும், உச்சிக்கு நேர் மேலேயும் கீழேயும் மிகக் குறைவு. மாடிக்கும் வேண்டுமென்றால் ஒரு ஆண்டெனாவைப் படுக்க வையுங்கள்.

150 அடி நீள வீட்டுக்கு வளவில் ஒன்று, இரண்டாங்கட்டில் ஒன்று, மாடியில் ஆள் இருந்தால் அங்கே ஒன்று என மூன்று ஆக்சஸ் பாயிண்ட் போதும். விலையுயர்ந்த ஒன்றைவிடச் சாதாரண மூன்று எப்போதும் மேல். வைஃபை 5 தலைமுறைக் கருவியே வீட்டுக்குத் தாராளம். வாங்குவதானால் வைஃபை 6 வாங்குங்கள், அதற்கு மேல் செலவழிப்பதைக் கேபிளில் செலவழிக்கலாம்.

கேபிள்

கேட் 6, முழுச் செம்பு, 23 கேஜ். மோடத்துக்குப் பக்கத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது ஒரு இணைப்பைப் பல கேபிளுக்குப் பிரிக்கும் பெட்டி. அங்கிருந்து ஒவ்வொரு ஆக்சஸ் பாயிண்டுக்கும் தனித்தனிக் கேபிள். வளவுக்கு 20 மீட்டர், இரண்டாங்கட்டுக்கு 35, மாடிக்கு 25 என்றால் மொத்தம் 80. ஏற்ற இறக்கத்துக்கும் முனையில் விடும் சுருளுக்கும் சேர்த்து 100 மீட்டர் வாங்குங்கள். ஒரு இணைப்பு 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, வீட்டுக்குள் அந்தக் கவலை வராது.

கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். உள்ளே ஓடும் மெல்லிய கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். கேபிள் வழியாகவே ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரம் அனுப்பும்போது கடைசியில் வோல்ட் இறங்கி, இரவில் ஆள் கூடும் நேரத்தில் கருவி தானாக அணைந்து அணைந்து எழும். அலுமினியக் கம்பி முறியவும் செய்யும்.

சுவரைத் துளைப்பதற்கு முன் துளைக்காமல் போக வழி இருக்கிறதா என்று வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கதவுக்கு மேலுள்ள காற்றுச் சாளரம், ஜன்னல் நிலையின் ஓரம், பழைய ஒயரிங் போன ஓட்டை, உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு. முக்கால்வாசித் தூரத்தைத் தாழ்வாரத்து மர உத்தரத்தின் மேலேயே கொண்டுபோய்விடலாம், கீழிருந்து பார்த்தால் தெரியாது. முட்டைப் பூச்சு என்று சொல்கிற அந்த வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்காதீர்கள். பெயர்ந்தால் தட்டுத் தட்டாக வரும், அதை மறுபடி அதே பளபளப்பில் பூசும் கொத்தனார் கிடைப்பது லேசில்லை.

துளைத்தே ஆக வேண்டுமென்றால் எஸ்.டி.எஸ். பிளஸ் வகை ஹாமர் டிரில்லும் 600 மில்லிமீட்டர் நீள பிட்டும் வேண்டும். வீட்டிலிருக்கும் சாதாரண டிரில்லால் ஒன்றரை அடிச் சுவரில் பாதி கூடப் போக முடியாது. பிளக் அடிக்காத வெறும் கேபிள் ஒன்றுக்கு 10 மில்லிமீட்டர் ஓட்டை போதும். இரண்டு கேபிளும் ஒரு உறைக் குழாயும் என்றால் 20. பூச்சு இருக்கும் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், முதல் ஓரங்குலத்துக்குச் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு வெறும் சுழற்சியில் போங்கள். பிட் வெளியே வரும் பக்கம்தான் எப்போதும் உடையும். இரண்டு பக்கமும் பூச்சு முக்கியம் என்றால், அளந்து குறித்து இருபுறமிருந்தும் பாதிப் பாதி துளைக்க வேண்டும். வெளிச்சுவர் என்றால் ஓட்டை வெளிப்பக்கமாகச் சற்றே சரியட்டும். உள்பக்கம் சரிந்தால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வரும். குழாய்க்குச் சுற்றிலும் சுண்ணாம்புக் கலவை வையுங்கள். பழைய சுவரில் சிமெண்ட் வேண்டாம், அது இறுகிப்போய்ப் பக்கத்துச் சுண்ணாம்பைப் பிளக்கும்.

வெளியே தெரிகிற இடமெல்லாம் பி.வி.சி. பைப்புக்குள் போகட்டும். அணிலும் எலியும் கேபிள் உறையை விட்டுவைப்பதில்லை. வெயில் படும் இடத்தில் வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெடித்துப்போகும், கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகை வாங்குங்கள். 230 வோல்ட் ஒயரோடு ஒரே பைப்பில் நெட்வொர்க் கேபிளைத் திணிக்கவே கூடாது. இது வேகத்துக்காக மட்டும் சொல்வதல்ல, உயிருக்காகவும்தான். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். வளைக்கும்போது ஓரங்குல ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள்.

முனை அடிக்கும் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே வரிசை. ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். சுவருக்குள் ஓடும் கேபிளின் முனையில் பிளக் அடிப்பதைவிட, சுவர்ப் பெட்டியில் ஜாக் வைத்து அங்கிருந்து சின்னக் கேபிள் போடுவது உறுதி. எட்டு விளக்கு எரியும் மலிவான டெஸ்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். எல்லாம் மாட்டியபிறகு வேகம் சரியாக 95 மெகாபிட்டைத் தாண்டாமல் நின்றால், இணையக் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் நீல ஜோடியையும் பிரவுன் ஜோடியையும் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்புக்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கவ்வாவிட்டாலும் கருவி சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்.

அமைப்பு

ஆக்சஸ் பாயிண்டாக நீங்கள் பழைய ரவுட்டரையே பயன்படுத்தலாம். அதில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யுங்கள். கணினியை அந்த ரவுட்டரில் மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (மோடம் 192.168.1.1 என்றால்). டி.ஹெச்.சி.பி.யை (மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். பிறகு மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN) துளையில் செருகுங்கள், வேன் (WAN) துளையில் அல்ல. வேன் துளையில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் உண்டாகும். இணையம் வரும், ஆனால் மாடியிலிருக்கும் போனுக்குக் கீழேயிருக்கும் பிரிண்டர் தெரியாது. டி.ஹெச்.சி.பி.யை அணைக்க மறந்தால் இன்னும் வினோதம்: சில போன்களுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, நாளைக்கு அது தலைகீழாகும். மோடத்தில் முகவரி கொடுக்கும் வரிசையை 192.168.1.20-லிருந்து தொடங்கச் செய்தால், முதல் பத்தொன்பது எண்களும் இந்தக் கருவிகளுக்கென்று ஒதுங்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. டபிள்யூ.பி.ஏ. 2 போதும். 2-ம் 3-ம் கலந்த அமைப்பில் சில பழைய பிரிண்டர்களும் கேமராக்களும் இணைய மறுக்கலாம். ஸ்மார்ட் பல்பு, கேமராவுக்கென்று 2.4-ல் மட்டும் தனிப்பெயர் ஒன்று வைத்தால் பாதித் தலைவலி போகும், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது.

சேனல் (அலைவரிசைக்குள் உள்ள பாதை எண்): 2.4-ல் 1, 6, 11, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5-ல் 36, 44, 149, 157, அகலம் 40. இந்த நான்கும் ரேடாருக்காக விலகிக்கொள்ளும் கட்டாயம் இல்லாதவை. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் கருவி ரேடார் இருக்கிறதா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும், சில போன்களுக்கு அவை தெரியவே தெரியாது. அகலம் 80 வைத்தால் வேகச் சோதனையில் எண் பெரிதாகத் தெரியும், எல்லை சுருங்கும். தடித்த சுவரால் இங்கே ஒரு நன்மையும் உண்டு. பக்கத்து வீட்டு வைஃபை உள்ளே வராது, உங்கள் ஆக்சஸ் பாயிண்டுகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது.

அறை மாறும்போது எந்த ஆக்சஸ் பாயிண்டைப் பிடிப்பது என்று முடிவு செய்வது போன்தான். தூரத்துச் சிக்னல் கொஞ்சம் இருந்தாலும் அதையே பிடித்துத் தொங்கும் போன்கள் நிறைய. 2.4-ன் திறனை 'நடுத்தரம்' அல்லது 'குறைவு' என்று இறக்குங்கள், 5-ஐ அப்படியே விடுங்கள். முகப்பு மோடத்தின் வைஃபையையும் மறக்காமல் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள்.

கம்பி போட வழியே இல்லையென்றால்

வாடகை வீடு, உரிமையாளர் சம்மதிக்கவில்லை. அப்போது மெஷ் பெட்டிகள்தான், அதாவது கேபிள் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் காற்றிலேயே இணையத்தைக் கடத்தும் பெட்டிகள். அவற்றை வாங்கியவர்களில் பெரும்பாலோர் செய்வது, இரண்டாவது பெட்டியைச் சிக்னல் இல்லாத அறையிலேயே வைப்பது. போனில் முழுக் கோடும் தெரியும், இணையம் ஊரும். போன் காட்டுவது பக்கத்திலிருக்கும் பெட்டியின் சிக்னலை, அந்தப் பெட்டிக்கே முகப்பிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை. இரண்டாவது பெட்டி இருக்கும் இடத்தில் முதல் பெட்டியின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மைனஸ் 65-க்குக் கீழே போகக் கூடாது. முகப்பு வாசலிலிருந்து பார்த்தால் வளவு தாண்டி இரண்டாங்கட்டு நிலைப்படி நேர்க்கோட்டில் தெரிகிறதா? அந்த நேர்க்கோட்டிலேயே பெட்டிகளை வையுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். பின்னாளில் மெஷ் பெட்டிகளுக்குக் கேபிளும் போட்டால், கேபிள் வழியைப் பெட்டி அடையாளம் கண்டுகொண்டதா என்று செயலியில் பாருங்கள். காணாவிட்டால் கேபிளும் காற்றும் சேர்ந்து வளையமாகி மொத்த நெட்வொர்க்கும் முடங்கும்.

மின்கம்பி வழியாக இணையம் அனுப்பும் அடாப்டர்களை இந்த வீடுகளுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பெரிய வீடு என்றால் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். முகப்பு ஒரு ஃபேஸிலும் இரண்டாங்கட்டு வேறு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் கடக்காது, கடந்தாலும் நொண்டும். இன்வெர்ட்டரின் இரைச்சல் வேறு.

மின்வெட்டும் இடியும்

ஆக்சஸ் பாயிண்டுகளுக்குத் தனித்தனி அடாப்டர் போடாமல் பி.ஓ.ஈ. ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் ஸ்விட்ச்) வாங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் மின்வெட்டு. கருவி ஒன்று 10 முதல் 13 வாட் இழுக்கும், மூன்றுக்கு 40 வாட் போதும். நான்கு பி.ஓ.ஈ. துளையுள்ள 60 வாட் ஸ்விட்ச் தாராளம். ஸ்விட்சையும் மோடத்தையும் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தால் வீடு முழுக்க வைஃபை நிற்காது. 802.3ஏஎஃப் அல்லது ஏடி என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். '24 வோல்ட் பாசிவ்' வகை, எதிரே என்ன இருக்கிறது என்று கேட்காமலே மின்சாரத்தைத் தள்ளும், தவறான கருவியைச் செருகினால் புகைதான்.

பின்கட்டுத் தோட்டத்தைத் தாண்டி கார் ஷெட்டுக்கோ காவலர் அறைக்கோ இணையம் வேண்டுமென்றால் செம்புக் கேபிள் போடாதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் அந்த நீளமான செம்பில் எழும் மின்னழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள கருவிகளைப் பொசுக்கும். அங்கே ஃபைபர் போடுங்கள்: ஒற்றை மோட் கேபிள், இரு முனைக்கும் சேர்த்து ஒரு ஜோடி மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் பெட்டி). அ, ஆ என்று ஜோடியாகக் கிடைக்கும், ஒரே எழுத்தில் இரண்டு வாங்கினால் விளக்கு எரியாது. முனை ஒட்டித் தர இணைப்பு கொடுக்கும் ஆட்களிடமே ஸ்பிளைசிங் கருவி இருக்கும். கேபிளோடு ஒட்டிவரும் இரும்புத் தாங்குகம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். அதை வீட்டுக்குள் விட்டால் செம்பைத் தவிர்த்ததில் அர்த்தமில்லை.